மரு எடுப்பது பற்றி மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் மருவைக் காட்டி, "இதுக்கு ஏதாவது மருந்து கொடுங்க" என்று கேட்டு வருபவர்கள் இங்கே அதிகம். எடுத்துவிட்டு வந்தவர்களும் புண்ணுக்குக் களிம்பு வாங்க வரும்போது நடந்ததையெல்லாம் சொல்வார்கள். நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. படித்ததையும், தோல் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், வந்தவர்கள் சொன்ன அனுபவங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

கழுத்துல குட்டி குட்டியா சதை தொங்குதே, இது என்னாங்க?

பெரும்பாலும் இது ஸ்கின் டேக் என்று மருத்துவர்கள் சொல்லும் சாதாரண மரு. தோலும் அதனடியில் உள்ள நாரும் கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்து, சின்னக் காம்பு வைத்துத் தொங்கும். தொட்டால் மெத்தென்று இருக்கும், விரலால் ஆட்டினால் ஆடும். தோல் நிறத்திலோ கொஞ்சம் கருப்பாகவோ இருக்கும். 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவில்தான் அதிகம் வரும். சிலருக்குச் சுண்டைக்காய் அளவுக்கும் வளர்வது உண்டு. கழுத்து, அக்குள், மார்புக்கு அடிப்பக்கம், தொடை இடுக்கு, கண் இமை ஆகியவைதான் வழக்கமான இடங்கள். தோலோடு தோலோ துணியோ உரசும் இடங்கள் அவை.

என் துண்டைப் புள்ளைங்க எடுத்துத் தொடைச்சா அதுங்களுக்கும் வந்துருமா?

வராது. இந்தத் தொங்கும் மரு ஒட்டுவதில்லை. ஒட்டக்கூடியது வேறொன்று, அடுத்த பதிலில் சொல்கிறேன்.

மரு, பாலுண்ணி, மச்சம் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. தெரியாமல் வைத்தியம் செய்து புண்ணாக்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பாலுண்ணி என்று நம் பக்கம் சொல்வது பெரும்பாலும் வைரஸால் வருவது. எச்பிவி என்ற வைரஸ் தோலுக்குள் போய் உண்டாக்குவது. மேலே சொரசொரவென்று இருக்கும். விரல், முழங்கை, பாதம், முகம் என்று எங்கேயும் வரும். சொறிந்தால் பக்கத்தில் பரவும், அடுத்தவருக்கும் ஒட்டும். மச்சம் என்பது நிறமிச் செல்கள் ஒரே இடத்தில் கூடுவது. அது தட்டையாகவும் இருக்கும், புடைத்தும் இருக்கும்.

இவை தவிர வயதானவர்களுக்கு முகத்திலும் முதுகிலும் மெழுகு ஒட்டியதுபோல் கருப்பாக வருவதும் உண்டு. கடையில் நின்றபடி பார்த்து எனக்கே சில நேரம் பிரித்துச் சொல்ல முடியாது. தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற சின்ன விளக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். எடுப்பதற்கு முன் இந்த ஒரு நிமிடத்தை யாரும் தவிர்க்கக் கூடாது என்பதுதான் நான் இந்தப் பக்கத்தை எழுதியதற்கு முக்கியக் காரணம்.

எதனால வருது? உடம்புச் சூடா?

சூட்டுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. வயது ஏற ஏற வரும். உடல் எடை கூடினால் அதிகம் வரும். அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாறுவதால் புதிதாக முளைப்பதும் உண்டு. ஓசூர் பக்கம் கம்பெனி வேலைக்கு வண்டியில் போகிறவர்கள் ஹெல்மெட் வார் உரசும் இடத்தில்தான் இருக்கிறது என்பார்கள். உரசல் ஒரு காரணம்தான். ஆனால் எல்லோருக்கும் வார் உரசுகிறது, எல்லோருக்கும் மரு வருவதில்லை.

கழுத்தும் கருத்துப் போயிருக்கு, மருவும் இருக்கு. சர்க்கரைன்னு சொல்றாங்களே, நிசமா?

மரு இருப்பதாலேயே சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஆனால் கொத்துக் கொத்தாக மரு வந்து, கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணிபோல் கருத்திருந்தால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பு ரத்தத்தில் இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போகும். அந்த மிகுதி தோல் செல்களை வளரத் தூண்டுவதால்தான் கருப்பும் மருவும் சேர்ந்து வருகின்றன. சர்க்கரை நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே கழுத்து இப்படிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கருப்பை அழுக்கு என்று நினைத்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கழுத்தைப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கும் அம்மாக்களைப் பார்க்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும். தேய்த்தால் தோல் இன்னும் தடிக்கும், பிள்ளைக்கும் வெட்கம். அந்தப் பிள்ளைக்குத் தேவை எடையைக் குறைக்க உதவியும் ஒரு ரத்தப் பரிசோதனையும்தான்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல், அல்லது மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய்க்கான அளவு. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை வந்தால் சர்க்கரை வாசலில் நிற்கிறது, இன்னும் திருப்ப முடியும். பரிசோதனைக்குச் செலவாகும் என்று தள்ளிப்போட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பவர்கள் வந்தால் கதவைச் சாத்தாதீர்கள்.

எடுக்காம உட்டா கேன்சரா மாறுமா?

சாதாரணத் தொங்கு மரு புற்றுநோயாக மாறுவதில்லை. தொந்தரவு தராவிட்டால் ஆயுசுக்கும் அப்படியே விடலாம். நிறம் மாறுகிறது, ஓரம் கோணலாகிறது, சில வாரத்தில் வேகமாக வளர்கிறது, தொடாமலே ரத்தம் கசிகிறது, ஆறாத புண்ணாக நிற்கிறது என்றால் அது மருவாக இல்லாமல் போகலாம். அப்போது ஆன்லைனில் தேடிக்கொண்டு இருக்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

நேத்து வரைக்கும் சும்மா இருந்துச்சு, இன்னிக்குத் திடீர்னு கருத்து வலிக்குதுங்க.

காம்பு முறுக்கிக்கொண்டிருக்கும். ரத்தம் போகாததால் கருத்து, வலித்து, சில நாளில் தானே காய்ந்து விழும். பயப்பட வேண்டியதில்லை, ஆனாலும் காட்டிவிடுங்கள். கருத்தது முறுக்கினாலா, முந்தைய பதிலில் சொன்ன காரணத்தாலா என்று பார்த்தால்தான் தெரியும்.

குதிரை முடி கட்டினா உழுந்துரும்னு ஆயா சொல்றாங்க. கட்டலாமா?

முடியோ நூலோ இறுக்கிக் கட்டினால் ரத்தம் போகாமல் மரு செத்து விழும். முறுக்கிக்கொண்ட மருவுக்கு நடப்பதேதான் இங்கேயும். மருத்துவர்களும் காம்பு மெல்லியதாக இருந்தால் சுத்தமான நூலால் கட்டும் முறையை வைத்திருக்கிறார்கள். ஆகவே ஆயா சொல்வது பொய்யில்லை.

சிக்கல் எங்கே என்றால், வீட்டில் கட்டும்போது இறுக்கம் போதாமல் போகும். பாதி செத்தும் பாதி சாகாமலும் வீங்கி, சீழ் வைத்து வருபவர்கள்தான் என் கடைக்கு வருகிறார்கள். காம்பு அகலமாக இருந்தால் வலி தாங்க முடியாது. பாலக்கோடு பக்கத்துத் தக்காளி வியாபாரி ஒருவர் அக்குளில் கட்டிக்கொண்டு, கையை இறக்க முடியாமல் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஒரு ஊசி போட்டு ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். சர்க்கரை இருப்பவர்கள் கட்டவே கூடாது.

சுண்ணாம்பும் சோடாவும் கலந்து வெச்சா? எருக்கம்பால்? அம்மான் பச்சரிசி?

சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் சேர்ந்தால் கடுமையான காரம். அது மருவை மட்டும் அரித்து நிற்காது, சுற்றியிருக்கும் நல்ல தோலையும் உள்ளே வரைக்கும் அரிக்கும். மரு போய்விடும், அந்த இடத்தில் பள்ளமான தழும்பு நிற்கும். கழுத்தில் அப்படித் தழும்போடு இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். எருக்கம்பாலும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் அதே போலத்தான்; எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கெடுதி. பச்சைப் பூண்டை அரைத்து வைத்துக் கொப்புளம் வந்தவர்களும் உண்டு.

அம்மான் பச்சரிசிப் பாலைப் பாலுண்ணிக்குத் தடவும் பழக்கம் பழையது. தொங்கும் மருவின் காம்பை அது ஒன்றும் செய்யாது, தோல் எரியும் அவ்வளவுதான். கோயிலில் உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொண்டவர்கள் தாராளமாகப் போடுங்கள். அதனால் தோலுக்கு எந்தக் கெடுதலும் இல்லை, மருத்துவரைப் பார்ப்பதையும் அது தடுக்காது.

உங்க கடையிலயே மரு உழுற மருந்து இருக்குமே? கால் ஆணிக்குக் கொடுக்கிறதைக் கொடுங்க.

கால் ஆணிக்குக் கொடுக்கும் பிளாஸ்திரியிலும் சொட்டு மருந்திலும் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. பாதத்துத் தடித்த தோலுக்கென்று செய்தது அது. கழுத்துத் தோல் மெல்லியது, வெந்துவிடும். அதனால்தான் கேட்டாலும் நான் கொடுப்பதில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆன்லைனில் வரும் "மூன்றே நாளில் மரு மறையும்" களிம்புகளும் அப்படித்தான். மச்சத்துக்கோ மருவுக்கோ தடவி நீக்கும் எந்த மருந்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022-இல் எச்சரித்து, விற்றவர்களுக்குக் கடிதமே அனுப்பியது.

இங்கயே எடுத்துக்கலாமா, சேலம், பெங்களூர் போகணுமா?

இதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2008 முதல் இருக்கிறது, கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் வந்தது. இரண்டிலும் தோல் பிரிவுக்குச் சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். காலையிலேயே போய்விடுங்கள். முதல் நாளே எடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, இன்னொரு நாள் வரச் சொல்வது வழக்கம். அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் இரண்டு நாள் கூலி போகும் என்று தெரிந்துகொண்டே கிளம்பினால் கோபம் வராது.

எப்படி எடுப்பாங்க? வலிக்குமா?

மேலே சொன்ன நூல் கட்டுவதைத் தவிர மூன்று முறைகள் உண்டு. சின்னக் கத்தரியால் காம்போடு நறுக்குவது ஒன்று. மின்சாரத்தால் சூடாகும் மெல்லிய முனையால் சுட்டு எடுப்பது இரண்டாவது. காட்டரி, ரேடியோ அலை என்று சொல்வதெல்லாம் இந்த வகை. திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது மூன்றாவது. அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி, பட்ட இடம் செத்துச் சில நாளில் விழும். நம் பக்கம் அதிகம் செய்வது காட்டரிதான். எடுக்கும்போதே ரத்தக்குழாயும் அடைபடுவதால் ரத்தம் அவ்வளவாக வராது.

வலி என்றால், மரத்துப்போகப் போடும் ஊசிதான் வலிக்கும் என்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். சில நொடி சுருக்கென்று எரியும், அப்புறம் ஒன்றும் தெரியாது. சின்னச் சின்னதாக நிறைய இருந்தால் மரக்கச் செய்யும் களிம்பைத் தடவி முக்கால் மணி, ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். முடி கருகுவதுபோல் ஒரு வாசம் வரும். அதைத் தெரிந்துகொள்ளாமல் போய் மயக்கம் வந்து படுத்தவர்கள் உண்டு. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். களியோ இட்லியோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அன்றைக்குச் சாயங்காலம் கொஞ்சம் காந்தும், ஒரு பாரசிட்டமால் போதும்.

தாலியைக் கழட்டச் சொல்வாங்களா?

கழுத்தில் காட்டரி வைக்கும்போது உலோகச் சங்கிலியைக் கழற்றச் சொல்வது வழக்கம். தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் முதல் தடவை பார்க்கும்போதே சொல்லிவிடுங்கள். முதல் நாளே மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். கயிற்றை ஓரமாக ஒதுக்கித் துணி வைத்து எடுத்தார்களாம். புண் ஆறும் வரை புதுக் கயிற்றின் மஞ்சள் சாயம் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்ளோ ஆவும்? காப்பீட்டு அட்டை செல்லுமா?

அரசு மருத்துவமனையில் செலவு இல்லை. தனியாரில் ஒரு மருவுக்கு இவ்வளவு என்றும் வாங்குவார்கள், ஒரு தடவைக்கு இவ்வளவு என்றும் வாங்குவார்கள். நிறைய இருப்பவர்கள் எந்தக் கணக்கு என்று படுப்பதற்கு முன்னால் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அழகுக்காகச் செய்வதைக் காப்பீடு ஏற்பதில்லை, அட்டையை நம்பிப் போக வேண்டாம்.

பியூட்டி பார்லர்ல கம்மியா பண்றாங்களே?

போகாதீர்கள். அது உண்மையிலேயே மருவா என்று பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. ஒருவருக்கு வைத்த முனையை முறையாகக் கிருமிநீக்கம் செய்யாமல் அடுத்தவருக்கு வைத்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி வரைக்கும் பரவ வழி இருக்கிறது. பிளேடால் அறுத்துவிடும் சலூனுக்கும் இதே பதில்.

எடுத்த அப்புறம் குளிக்கலாமா? காட்டு வேலைக்குப் போலாமா?

ஒரு நாள் தண்ணீர் படாமல் வைத்தால் போதும். மறுநாளிலிருந்து சாதாரண சோப்பும் தண்ணீரும் விட்டு மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, கொடுத்த களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள். கருப்பாகப் பொருக்குக் கட்டும். அது ஏழு முதல் பத்து நாளில் தானே உதிரும். அரிக்கும்போது நகத்தால் பிய்த்துவிட்டவர்களுக்குத்தான் தழும்பு வருகிறது. காபித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் எதையும் வைக்க வேண்டாம். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மறுநாளே போகலாம். காட்டு வேலைக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாங்காய் பறிப்பு நடக்கும் மாதங்களில் கழுத்தில் மரு எடுக்காதீர்கள். மாம்பால் நல்ல தோலையே சுட்டுவிடும், புண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். மருந்து தெளிப்பதும், கழுத்தில் உரசும்படி மூட்டை தூக்குவதும் ஒரு வாரத்துக்கு வேண்டாம். மாட்டுக் கொட்டகையில் வேலை செய்பவர்கள் டிடி ஊசி எப்போது போட்டோம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ திரும்பப் போய்க் காட்டுங்கள்.

கத்தரிக்கா, கருவாடு தின்னக்கூடாதாமே?

சாப்பிட்டால் ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வருபவர்கள் மட்டும் தவிர்த்தால் போதும். மற்றவர்களுக்குப் பத்தியம் இல்லை. புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, கடலை, மீன் எல்லாம் நல்லதுதான்.

எடுத்த எடத்துல கருப்பா நிக்குதே, போவாதா?

நம்முடைய மாநிறத் தோலில் சின்னக் காயம்கூடக் கருத்துத்தான் ஆறும். பெரும்பாலும் சில மாதத்தில் மங்கிவிடும். வெயில் படாமல் முந்தானையாலோ துண்டாலோ மூடிக்கொள்வது உதவும். உறைய வைக்கும் முறையில் சில நேரம் இதற்கு எதிராக வெள்ளையாக நிற்கும், ஏனென்றால் நிறமிச் செல்கள் குளிரைத் தாங்காது. காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ தடித்துப் புடைத்த தழும்பு யாருக்காவது இருந்தால், எடுப்பதற்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எடுத்தேன், மறுபடியும் வந்துருச்சு. சரியா எடுக்கலியா?

காம்போடு எடுத்த இடத்தில் மறுபடி வருவது குறைவு. பக்கத்தில் முளைப்பது புதியது. எடையும் சர்க்கரையும் அப்படியே இருந்தால் புதிது வந்துகொண்டுதான் இருக்கும். மேலே கழுத்துக் கருப்பைப் பற்றிச் சொன்னதை இன்னொரு தடவை படியுங்கள்.

ரத்தம் இளக ஒரு மாத்திரை சாப்பிடறேன். நிறுத்திட்டுப் போகட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையோ குளோபிடோகிரலையோ மருவுக்காக நிறுத்துவது ஆபத்து. இவ்வளவு சின்ன வேலைக்குப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்லவே மாட்டார்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும், காட்டரி மின்சாரம் அதைத் தொந்தரவு செய்யக்கூடும்.

மாசமா இருக்கேன், இப்பதான் நெறைய வருது.

குழந்தை பிறக்கும் வரை பொறுத்திருங்கள். சிலருக்குத் தானாகவே சுருங்கிவிடும்.

கண் இமையில இருக்கு. நானே கட்டிக்கட்டுமா?

வேண்டாம். கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இமையில் சொட்டு மருந்து, களிம்பு, பால் என்று எதுவும் தடவக் கூடாது.

சொல்லக் கூச்சமா இருக்கு... அந்த எடத்துல இருக்குங்க.

கூச்சப்பட்டு வருஷக்கணக்கில் மறைப்பவர்கள் பலர். அந்த இடத்தில் வருவது சாதாரண மருவாகவும் இருக்கலாம், உறவின் மூலம் பரவும் எச்பிவி மருவாகவும் இருக்கலாம். எச்பிவி மரு பூக்கோசுபோல் கொத்தாக வரும், அதற்கு மருந்து வேறு, துணைவரையும் பார்க்க வேண்டியிருக்கும். ஆசனவாய் ஓரம் தொங்கும் சதை, வெடிப்பு ஆறாமல் நிற்பதன் அடையாளமாகவும் இருக்கும். அதற்கு அறுவைப் பிரிவுக்குப் போக வேண்டும். பெண்கள் பெண் மருத்துவர் வேண்டும் என்று சீட்டுப் போடும் இடத்திலேயே கேட்கலாம்.

கொழந்தைக்குப் பொறக்கும்போதே காதோரம் ஒரு சதை. நூல் கட்டிடலாம்னு சொல்றாங்க.

கட்ட விடாதீர்கள். இது இவ்வளவு நேரம் பேசிய மரு இல்லை. பிறவியில் காது உருவாகும்போது மிஞ்சிய சதை, உள்ளே குருத்தெலும்பு இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல்வார்கள். எடுக்க வேண்டும் என்றால் வளர்ந்த பிறகு சரியான முறையில் எடுப்பார்கள்.

எடுத்த சதையை டெஸ்டுக்கு அனுப்பறோம்னாங்க. அப்ப ஏதோ பெரிய வியாதியா?

பயாப்சி என்றாலே புற்றுநோய் என்று நினைத்து, அழுதுகொண்டே வந்தார் ஊத்தங்கரைப் பக்கத்து அம்மா ஒருவர். மருவின் உருவத்தில் மருத்துவருக்குச் சின்னச் சந்தேகம் இருந்தாலும் அனுப்புவார். பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றே முடிவு வரும். அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது.

அனுப்பிவிட்டு முடிவை வாங்கப் போகாமல் விடுபவர்கள்தான் எனக்குக் கவலை. புண் ஆறிவிட்டது, இனி எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். எந்தத் தேதியில் முடிவு வரும், எந்த அறையில் வாங்க வேண்டும் என்று சீட்டின் பின்புறமே எழுதித் தரச் சொல்லுங்கள். அன்றைக்குப் போய் வாங்கி, அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.